நகலும் கடவுச்சொல்லும்

'நகல் எடுப்பது திருட்டா?' என்ற கேள்வியில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஆம் என்பவனும் இல்லை என்பவனும் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. முந்நூறு பிரதிகள் அச்சிட்ட தன் கவிதைத் தொகுதி டெலிகிராமில் பி.டி.எஃப். ஆகச் சுற்றி வருவதைக் கண்ட நண்பர் ஒருவர் திருட்டு என்கிறார். அதே வாரத்தில், வெளிநாட்டு ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றை யாரோ ஒரு மாணவரின் தயவில் இலவசமாகப் பெற்று, எனக்கும் அனுப்பிவைத்தவர் அவர்தான். இதை அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு என்று அவருடைய உள்ளுணர்வு சொல்கிறது. உள்ளுணர்வு சரியாகவே சொல்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் எதனால் வேறு என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. பெரிய கம்பெனியிடம் எடுத்தால் பாவமில்லை, சின்னவனிடம் எடுத்தால் பாவம் என்பது பதிலாகாது. அது மலைக்கள்ளன் காலத்துச் சினிமா நியாயம்.

உயர்கல்வியை முன்வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம். அங்கேதான் நகல் என்பது பேராசையாலோ சோம்பலாலோ நிகழாமல், நடக்கிற காரியத்தின் ஒரு பகுதியாகவே நிகழ்கிறது.

2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸ் நிறுவனமும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடுத்தன. பிரதிவாதிகள் டெல்லிப் பல்கலைக்கழகமும், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்துக்குள் பல்கலைக்கழகத்தின் உரிமத்தில் நடந்துவந்த ராமேஷ்வரி என்ற ஜெராக்ஸ் கடையும். ஆசிரியர்கள் பாடத்திட்டத்துக்கு வேண்டிய அத்தியாயங்களைப் பல நூல்களிலிருந்து தேர்ந்துகொடுப்பார்கள். கடைக்காரர் அவற்றை நகலெடுத்து, தைத்துக் கட்டி, மாணவர்களுக்கு விற்பார். பக்கத்துக்குச் சில பைசாக்கள். இதுதான் குற்றம். மாணவர்களும் ஆசிரியர்களும் சங்கம் சேர்த்துக்கொண்டு வழக்கில் தங்களையும் இணைத்துக்கொண்டார்கள். வழக்கில் சொல்லப்பட்ட நூல்களை எழுதியவர்களிலேயே பலர் பதிப்பாளர்களுக்கு எதிராகப் பேசினார்கள். அமர்த்தியா சென் வழக்கைக் கைவிடும்படி பதிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டார். யாருடைய சொத்துக்காகச் சண்டை நடக்கிறதோ அவர்களே 'எங்களுக்கு இந்தச் சண்டை வேண்டாம்' என்று சொன்ன வழக்கு இது.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை இயற்கை உரிமையோ தெய்வீக உரிமையோ அல்ல, சட்டம் ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்தது என்பது அவர் தீர்ப்பின் அடிப்படை. மாணவன் நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொள்வது குற்றமில்லை என்றால், அதே வேலையை யந்திரம் செய்துகொடுக்கும்போது மட்டும் எப்படிக் குற்றமாகும் என்று கேட்டார். டிசம்பர் 9 அன்று பிரதீப் நந்த்ரஜோக், யோகேஷ் கன்னா இருவரும் அமர்ந்த அமர்வு இதைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. ஆனால் அந்தத் தொகுப்புகளில் சேர்த்தவை பாடத்துக்கு உண்மையில் தேவையானவையா என்ற விஷயத்தை விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், ஆசிரியரோ மாணவரோ பாடம் நடக்கும் போக்கில் ஒரு படைப்பை நகலெடுப்பது மீறல் ஆகாது என்று ஒரு கூறு உண்டு. எத்தனை பக்கம், எத்தனை சதவீதம் என்று அதில் கணக்கு இல்லை. பாடத்தின் தேவையே அளவு. 2017 மார்ச்சில் பதிப்பாளர்கள் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். மே மாதம், நகல் உரிமைச் சங்கம் கொண்டுபோன மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே எது தேவை, எவ்வளவு தேவை என்ற அந்த விசாரணை நடக்கவே இல்லை.

தீர்ப்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குள் இருக்கும் ஒரு பார்வை. பாடம் நடத்துவது என்பது ஆசிரியர் பேசுகிற நேரம் மட்டுமல்ல. அதற்கு முன்னும் பின்னும் நடக்கும் தேர்வு, வாசிப்பு, எழுதிக்கொள்ளுதல் எல்லாம் சேர்ந்தது என்று நீதிமன்றம் புரிந்துகொண்டிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளத் தமிழனுக்கு நீதிமன்றம்கூட வேண்டியதில்லை. 'பாடம்' என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு அர்த்தம். ஆசிரியரிடம் கேட்பதும் பாடம். ஏட்டில் இருக்கும் வாசகமும் பாடம். ஒரே செய்யுள் இரண்டு ஏடுகளில் இரண்டு விதமாக இருந்தால் பாடபேதம் என்கிறோம். பெயர்த்தெழுதாமல் பாடபேதம் ஏது? ஏட்டைப் பூச்சி தின்னும், ஈரம் தின்னும். தலைமுறைதோறும் பெயர்த்தெழுதிய முகமறியாத கைகள் இல்லையென்றால், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது உ.வே.சாமிநாதையர் ஒப்பிட்டுப் பார்க்க அவர் முன்னால் ஏடுகளே இருந்திருக்காது. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடம் கேட்ட காலத்தில், படிக்க வேண்டியதை ஏட்டில் எழுதிக்கொள்வதும் படிப்பில் சேர்த்திதான். அந்தப் பாடம் யாருக்குக் கிடைத்தது, எந்தச் சாதிகளுக்குக் கிடைக்கவில்லை என்பதை மறந்துவிட்டு இதைப் பெருமையாகப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைய பூட்டு ஏட்டில் இல்லை, வாசலில் இருந்தது. உள்ளே போக முடிந்தவன் எழுதிக்கொண்டு வெளியே வரலாம். எழுதிக்கொண்டது அவன் சாகும்வரை அவனுடையது.

பதிப்புரிமைச் சட்டம் பூட்டை வாசலிலிருந்து எடுத்து நகலில் போட்டது. இதில் ஒரு ஜனநாயகம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். காசு உள்ள எவனும் புத்தகம் வாங்கலாம், சாதி கேட்பதில்லை. காசில்லாதவன் நூலகத்துக்குப் போகலாம். சட்டத்தின் எல்லா விதிகளும், எல்லா விலக்குகளும், 'புத்தகம் உன் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது' என்ற இடத்திலிருந்தே பேசுகின்றன. டெல்லித் தீர்ப்பும் அந்த இடத்திலிருந்துதான் பேசுகிறது. பல்கலைக்கழகம் வாங்கிய புத்தகம் நூலக அலமாரியில் இருந்தது. அதனால் நகல் சாத்தியமாயிற்று.

இன்று கல்லூரி நூலகத்தில் அலமாரி குறைந்து கணினி கூடியிருக்கிறது. நல்லதுதானே என்று தோன்றும். ஆய்விதழும் மின்நூலும் விலைக்கு வருவதில்லை, உரிமத்தில் வருகின்றன. நிறுவனம் சந்தா கட்டுகிறது. மாணவனுக்கு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தருகிறது. அவன் படிப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியபின் அந்தச் சொல் செத்துவிடுகிறது. கல்லூரி அடுத்த ஆண்டு சந்தா கட்டவில்லையென்றால், பல உரிமங்களில் ஏற்கெனவே படித்த பழைய இதழ்களும் போய்விடும். எங்கள் பக்கத்தில் போக்கியத்துக்கு வீடு பிடிப்பவர்கள் அதிகம். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து மூன்று வருஷம் குடியிருந்தால், காலி செய்கிற அன்று தொகை திரும்பிவரும். மின்நூலகத்தில் அதுகூட இல்லை. வீடும் போகும், தொகையும் போகும்.

பாடம் நடத்துவதற்கான அந்த விலக்கு மின்வடிவத்துக்குப் பொருந்தாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2012 திருத்தம் சொந்த வாசிப்புக்கும் ஆய்வுக்கும் மின்வடிவில் சேமித்துவைப்பதைக்கூட அனுமதிக்கிறது. தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவனுக்கு அதே திருத்தம் இரண்டு ஆண்டுவரை சிறை என்று சொன்னாலும், சட்டம் தடுக்காத காரியத்துக்காக உடைத்தால் அது பொருந்தாது என்றும் சொல்கிறது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நகலெடுக்கும் உரிமை, நகலெடுக்க ஒன்று முன்னால் இருப்பவனுக்கு மட்டுமே பிரயோஜனம். கதவைத் திற என்று கேட்கும் உரிமை அதில் அடங்கவில்லை. பூட்டு திரும்பவும் வாசலுக்கே போய்விட்டது.

இது எங்கே உறைக்கும் என்றால், ஓசூர் மாதிரியான ஊரில்தான் உறைக்கும். சென்னையிலோ பெங்களூரிலோ உள்ளவர்களுக்கு இது ஒரு கொள்கை விவாதம். இந்த ஊர் 1970களில் சிப்காட் வந்தபிறகு யந்திரங்களால் ஆன ஊர். லேலண்ட் லாரி, டி.வி.எஸ். மொபெட், டைட்டன் கைக்கடிகாரம் என்று நாடு முழுக்க ஓடுபவை இங்கிருந்து போனவை. டிப்ளமா முடித்துவிட்டு ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிப்டுக்குப் போய்க்கொண்டே, பகுதி நேரத்திலோ தபால்வழியிலோ பட்டம் படிக்கும் பையன்கள் இங்கே ஏராளம். அவர்கள் கையாளும் யந்திரத்தில் ஒரு புதிய உத்தி இருந்தால் அதற்குரிய காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. அதன்பின் எவனும் அதைச் செய்யலாம். ஆனால் அந்த உத்தியை விளக்கி ஒருவர் எழுதிய கட்டுரைக்குப் பதிப்புரிமை, எழுதியவர் வாழ்நாள் முழுக்க, அவர் இறந்தபின் மேலும் 60 ஆண்டு. நாற்பது வயதில் 2000ஆம் ஆண்டில் எழுதியவர் எண்பது வயதுவரை வாழ்ந்தால் 2100வரை. யந்திரத்தைச் செய்யலாம், யந்திரத்தைப் பற்றிய கட்டுரையைப் படிக்கக் காசு கட்ட வேண்டும் என்ற விசித்திரத்தை நம் அபத்த நாடகக்காரர்கள் யாரும் எழுதவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கட்டுரையை எழுதியவருக்கு ஆய்விதழ் காசு கொடுப்பதில்லை. மதிப்பிட்டுத் திருத்தம் சொன்ன சக ஆய்வாளருக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. இருவரையும் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது பல்கலைக்கழகம். அதாவது பெருமளவுக்கு நாம் கட்டும் வரி. பதிப்புரிமையை எழுதியவர் கையெழுத்திட்டுப் பதிப்பாளருக்கு மாற்றிக்கொடுத்துவிடுகிறார். எழுத்தாளனின் ஜீவனத்துக்காக ஏற்பட்ட ஒரு சட்டம், எழுத்தாளனுக்கு எதுவும் தராத ஓர் இடத்தில், எழுத்தாளன் பெயராலேயே நடக்கிறது.

ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம். அங்கே இருக்கும் மாணவனுக்குத் திறக்கும் பக்கம் இங்கே இருப்பவனுக்குத் திறப்பதில்லை. ஜூஜூவாடியிலும் அத்திப்பள்ளியிலும் லாரிகளை நிறுத்திவைத்த வணிகவரிச் சோதனைச் சாவடிகளை 2017இல் ஜி.எஸ்.டி. காலிசெய்தது. சரக்குக்குப் போன எல்லை படிப்புக்குப் போகவில்லை. பெரியம்மா மகன் அந்தப் பக்கம் படிக்கிறான் என்றால் வாட்ஸப்பில் கட்டுரை வந்துவிடும். அப்படி ஒரு பெரியம்மா மகன் இல்லாதவர்களுக்குச் சை-ஹப் இருந்தது. கஜகஸ்தான் பெண்மணி அலெக்சாண்ட்ரா எல்பாக்கியன் 2011இல் தொடங்கிய தளம். எல்சவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி ஆகிய மூன்றும் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. புதிய கட்டுரைகளை ஏற்றமாட்டேன் என்று அங்கே கொடுத்த வாக்கை மீறியதற்காக 2025 ஆகஸ்டில் தளத்தை இந்தியாவில் முடக்க உத்தரவாயிற்று. எனக்கு எல்பாக்கியன் தேவதையும் அல்ல, கொள்ளைக்காரியும் அல்ல. அந்தத் தளம் ஓர் அறிகுறி. இருமலை நிறுத்தியதனால் காசம் போய்விடாது.

அரசாங்கத்துக்கும் இது தெரிந்திருக்கிறது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரு நாடு ஒரு சந்தா' என்ற திட்டத்தை அங்கீகரித்தது. 2025 முதல் 2027வரை மூன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 6000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், 13000 அளவில் ஆய்விதழ்கள், 6300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள், ஏறக்குறைய 1.8 கோடிப் பேர். சிறிய காரியமல்ல. பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியும் கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரியும் போன்றவை இதன் வரம்புக்குள் வரக்கூடியவை. ஆனால் இந்தப் பகுதியில் பொறியியல் படிப்பவர்களில் பெரும்பாலோர் சுயநிதிக் கல்லூரிக்காரர்கள். அவர்கள் வெளியே. பட்டம் முடித்து ஷிப்டுக்குப் போகிறவன் வெளியே. எந்தக் கல்லூரியிலும் இல்லாமல் படிக்கிற ஆசை மட்டும் உள்ளவன், அதாவது இந்தப் பத்திரிகையை வாசிக்கும் நம்மில் பலர், வெளியே.

என் மேசைக்கு வரும் கல்விக் கடன் விண்ணப்பங்களில் புத்தகமும் கருவியும் வாங்குவதற்கான செலவு என்று ஓர் இனம் உண்டு. கடன் முடிந்தபின்னும் கையில் நிற்பது அந்த இனம் ஒன்றுதான் என்று நான் நினைத்துக்கொள்வேன். கல்லூரிக் கட்டணம் போனது போனதுதான். விடுதிச் சாப்பாடு போனது போனதுதான். புத்தகம் மட்டும் அலமாரியில் இருக்கும், மஞ்சளாகி, பெயர் எழுதி. எங்கள் கல்லூரி நூலகத்தில் ஈ.எல்.பி.எஸ். முத்திரை போட்ட பழைய புத்தகங்கள் இருந்தன. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் காசில் மலிவுவிலையில் நம் நாட்டுக்கு வந்தவை. மாஸ்கோப் புத்தகங்கள் அதைவிட மலிவு. இரண்டு வல்லரசுகளும் நம் மனதைப் பிடிக்கத்தான் அனுப்பின, அதில் சந்தேகமில்லை. ஆனால் அனுப்பிய புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவற்றால் முடியவில்லை. முப்பது வருஷம் கழித்து, அனுப்பியவனே இல்லாமல் போனபிறகும், யாராவது ஒருவன் அதை எடுத்துப் பிரித்தான்.

இங்கே ஒரு மறுப்பு வரும். நூலகப் புத்தகத்தையும் மாணவன் திருப்பித்தானே கொடுத்தான், அதுவும் இரவல்தானே என்று. மாணவன் இரவல் வாங்கினான். நூலகம் இரவல் வாங்கவில்லை. நூலகம் உடைமைக்காரனாக இருந்ததனால்தான் பத்து வருஷம் கழித்தும் அவன் போய்க் கேட்க முடிந்தது. இப்போது நூலகமே குடித்தனக்காரன். இன்னொரு மறுப்பு, கையில் வைத்திருப்பது படித்ததாகாது என்பது. இது உண்மை. ஜெராக்ஸ் எடுத்த மாத்திரத்தில் படித்துவிட்ட நிம்மதி வந்துவிடும் ஒரு வியாதி நம் ஆய்வு மாணவர்களுக்கு உண்டு, பி.டி.எஃப். வந்தபிறகு அது முற்றிவிட்டது. ஆனால் இருபதில் புரியாததை முப்பத்தைந்தில் புரிந்துகொள்கிறவனுக்கு, அந்தப் பதினைந்து வருஷமும் அது எங்காவது இருந்திருக்க வேண்டும். உயர்ந்த படிப்பு என்பது பெரும்பாலும் திரும்பிப் போய்ப் படிப்பது. குறித்த தேதிக்குள் காலிசெய்ய வேண்டியவன் திரும்பிப் போவதைப் பற்றி யோசிப்பதில்லை. அவன் அள்ளிக்கொள்கிறான், அல்லது அலட்சியமாக விட்டுவிடுகிறான். இந்த இரண்டு மனோபாவத்தையும் நான் இளைஞர்களிடம் பார்க்கிறேன். அதற்கு அவர்கள் காரணமல்ல.

மின்வடிவம்தான் இதற்குக் காரணம் என்று முடிவுகட்டுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1998இல் ஸ்விட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க நூல் முதல் பாரதிவரை தன்னார்வலர்கள் தட்டச்சுசெய்து வெளியிட்டது. இறக்கிக்கொண்டவனிடம் அது இருக்கிறது. யாரும் வந்து அணைத்துவிட முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் சமூகத்தின் பிள்ளைகள் 2005இல் 'நூலகம்' என்ற மின்நூலகத்தைத் தொடங்கி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் திறந்துவைத்திருக்கிறார்கள். ஒரே பிரதி என்பது ஆபத்து என்று நெருப்பிலிருந்து கற்றவர்கள் அவர்கள். பாரதியின் பாட்டுக்கு உரிமைக்காரர்கள் இருந்த காலம் ஒன்று உண்டு. 1949இல் சென்னை மாகாண அரசு அந்த உரிமையைப் பெற்று, பின்னர் மக்களுக்கே விட்டது. அதிலிருந்து வளர்ந்த நாட்டுடைமை என்ற ஏற்பாட்டை, வாரிசுக்குத் தொகை கொடுத்து எழுத்தை எல்லோருக்கும் ஆக்குவதை, அதில் நடக்கும் அரசியல் சிபாரிசுகளையும் மீறி நான் மதிக்கிறேன். சிக்கல் மின்சாரத்தில் இல்லை. கொடுக்கப்பட்டது கையில் நிற்கிறதா, இல்லையா என்பதில் இருக்கிறது.

இப்போது முந்நூறு பிரதிக் கவிதைத் தொகுதிக்கு வரலாம். சிறிய பதிப்பாளர்கள் வீட்டு நகையை வைத்துப் புத்தகம் போடுவது கதையல்ல. நகைக்கடன் சீட்டு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். ஆனால் நான் அனுதாபத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை. டெல்லிக் கடையில் விற்ற அந்தத் தைத்த நகலை மறுபடி யோசித்துப் பாருங்கள். இருபது நூல்களைப் படித்த ஒருவர், இந்த நூலில் இந்த அத்தியாயம் போதும், இதற்கு எதிராக அதைப் படி என்று தேர்ந்து, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவன் கையில் கொடுத்தது அது. அது ஒரு விமர்சனக் காரியம். 'இது ஏன்?' என்று மாணவன் கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டு. நம் சிறுபத்திரிகைகள் செய்ததும் இதுதான். காஃப்காவையும் போர்ஹேஸையும் நெரூடாவையும் அனுமதிக் கடிதம் எழுதிக் காத்துக்கொண்டா இங்கே மொழிபெயர்த்தார்கள்? சட்டப்படி அது வழுக்குத் தரை. ஆனால் ஐந்நூறு பேருக்கு ஒருவர் பாடம் நடத்தினார் என்பதைத் தவிர வேறென்ன அது? அதற்கு நான் வெட்கப்படமாட்டேன். டெலிகிராம் குழுவில் ஒரே நாளில் கொட்டப்படும் ஆயிரம் பி.டி.எஃப்.களில் தேர்வும் இல்லை, கொடுப்பவனும் இல்லை, பெறுபவனும் இல்லை. அது கிடங்கு. அங்கே என் நண்பரின் கவிதைகள் படிக்கப்படவில்லை, குவிக்கப்பட்டிருக்கின்றன. அவர் கோபத்தின் உண்மையான காரணம் போன ராயல்டி அல்ல என்றே நினைக்கிறேன். ராயல்டி அவருக்கு எப்போது வந்தது?

அதே தொகுதியிலிருந்து பத்துக் கவிதைகளைக் கிருஷ்ணகிரியில் ஓர் ஆசிரியர் நகலெடுத்து வகுப்பில் கொடுத்தால், அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. அந்த நகல்களை மாணவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

அமெரிக்காவில் இந்த வழக்கு மின்வடிவத்திலேயே நடந்திருக்கிறது. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் சேஜ் நிறுவனத்தோடு சேர்ந்து 2008இல் அட்லாண்டாவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின்மேல் தொடுத்தன. ஆசிரியர்கள் தங்கள் வகுப்புக்கு மட்டும் கடவுச்சொல் போட்டு ஏற்றிவைத்த பகுதிகள்தான் விவகாரம். 2012இல் புகார்களில் ஐந்தை மட்டும் மீறல் என்றது நீதிமன்றம். மேல்முறையீடு, மறுவிசாரணை என்று 2020வரை இழுத்தது. பன்னிரண்டு வருஷமும் ஒவ்வொரு பகுதியாக எடுத்து எத்தனை சதவீதம், சந்தைக்கு எவ்வளவு நஷ்டம் என்று எண்ணினார்கள். வகுப்பு முடிந்தபின் மாணவனிடம் எது மிஞ்சியது என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

நம் நாட்டில் 2027க்குப் பிறகு மறுபடி பேரம் பேசும்போது, இதழ்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் முக்கியமாகக் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு: பாடத்துக்கென்று ஒரு மாணவன் படித்த கட்டுரைகள், அவன் கல்லூரியை விட்டுப் போகும்போது அவனோடு போகலாம் என்ற ஒரு வரி. ராமேஷ்வரி கடையில் பைசாக் கணக்கில் கிடைத்தது அதுதான். 6000 கோடிக்கு அதைக் கேட்பது அதிகமில்லை. சட்டத்தில் நூலகங்களுக்காக 2012இல் சேர்த்த ஒரு கூறு இருக்கிறது: லாபநோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் அச்சுப் பிரதி ஏற்கெனவே இருந்தால், பாதுகாப்புக்காக அதை மின்வடிவில் சேமித்துக்கொள்ளலாம். அச்சுப் பிரதியே வாங்காமல் சந்தாவில் மட்டும் ஓடும் புதிய நூலகங்களுக்கு இந்த வரி எதையும் தருவதில்லை.